காரணம் எழுதும் கட்டம்

மூன்று வருடமாக அந்தக் கண்ணாடி அலுமாரியைத் துடைத்தவள் நான்தான். திங்கட்கிழமைகளில் அருங்காட்சியகத்துக்கு விடுமுறை. ஞாயிற்றுக்கிழமை வந்துபோன பிள்ளைகளின் விரல்களும் மூக்குகளும் கண்ணாடியெல்லாம் அப்பியிருக்கும். தண்ணீரில் கொஞ்சம் வினாகிரி விட்டுத் துடைத்து, பழைய செய்தித்தாளால் ஒருமுறை அழுத்தித் தேய்த்தால் கண்ணாடி இருப்பதே தெரியாது. அந்த வேலையில் எனக்குப் பெருமைகூட இருந்தது. அந்தப் பெருமைதான் பிறகு என்னைச் சுட்டது.

ஊரில் நான் ஆறாம், ஏழாம் வகுப்புகளுக்கு ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவள். ஜேர்மனியில் வாளியும் தும்புத்தடியும். இதைச் சொல்லிக் கண்ணீர் வடிக்கப் போவதில்லை. ஊரில் கட்டட வரைபடம் கீறிய இவர், ஹம் நகரத்துத் தொழிற்சாலையில் சொசேஜுக்குத் தோல் இழுத்துக்கொண்டிருந்தார். அவரோடு ஒப்பிட்டால் என்பாடு பரவாயில்லை. 'இவர்' என்று நான் எழுதும் இடமெல்லாம் என் கணவரைத்தான் சொல்கிறேன். இதை நானே யாருக்காவது வாசித்துக்காட்ட வேண்டி வந்தால் பெயர் வாயில் வந்துவிடும், அதனால் எழுதவில்லை. அது ஏன் என்பதும் இந்தக் கதையில்தான் வருகிறது.

அருங்காட்சியகம் ஹம்மிலிருந்து ரயிலில் நாற்பது நிமிடத் தூரத்தில் ஒரு நகரத்தில் இருந்தது. கீழ்த்தளத்தில் அந்த ஊரின் பழைய கதவுகள், பீங்கான்கள். மேல்மாடியில் தூர தேசத்துப் பொருட்கள்: நூறு வருடத்துக்கு முன் யாரோ ஒரு வணிகர் கப்பல் கப்பலாகக் கொண்டுவந்தவை. அவற்றில் அவுஸ்திரேலியாவின் பூர்வகுடிகளுடையவை ஒரு அலுமாரி நிறைய. அந்த அலுமாரியின் நடுவில், தனி வெளிச்சம் போட்டு, ஒரு பொருளை வைத்திருந்தார்கள்.

தொண்ணூறுகளின் நடுவில் ஒரு நவம்பர் திங்கட்கிழமை, மேல்மாடிப் பகுதியின் பொறுப்பாளர் ஒரு பெண்ணைக் கூட்டிக்கொண்டு படியேறி வந்தார். பொறுப்பாளர் மெலிந்த, கண்ணாடி போட்ட, நல்ல மனிதர். என்னைக் காணும்போதெல்லாம் எழுந்து கை கொடுப்பார். துப்புரவுக்காரிக்குக் கை கொடுப்பவர்கள் அந்தக் கட்டடத்தில் வேறு ஒருவரும் இல்லை. கூட வந்த பெண்ணுக்கு என்னைவிட நாலைந்து வயது கூட இருக்கும். அகன்ற தோள், சுருண்ட தலைமுடி, எங்களைவிடக் கறுத்த நிறம், ஏதோ ஒரு கால்பந்துக் குழுவின் தடித்த ஜாக்கெட். மட்டக்களப்புப் பக்கத்து ஆள் என்று நினைத்து, வாயெல்லாம் பல்லாக, "வணக்கம் அக்கா, வாங்கோ" என்றுவிட்டேன்.

அவர் என்னைப் பார்த்துச் சிரித்து, ஆங்கிலத்தில், "நல்லாயிருக்கு, ஆனா எனக்கு விளங்கேல்லை" என்றார்.

அவுஸ்திரேலியாவிலிருந்து வந்திருக்கிறார் என்று பொறுப்பாளர் சொன்னார். அந்த அலுமாரியில் இருப்பவை அவருடைய ஆட்களின் பொருட்கள். எங்களுக்குள் நடந்த பேச்செல்லாம் ஆங்கிலம்தான். ஆனால் இங்கே எழுதும்போது அவரையும் யாழ்ப்பாணத்துக்காரி ஆக்கிவிடுகிறேன், ஏனென்றால் அவர் பேசியது என் காதில் அப்படித்தான் விழுந்தது. என்னை 'சிஸ்டர்' என்று கூப்பிட்டார். எங்கள் ஊரில் சிஸ்டர் என்றால் கன்னியாஸ்திரி. அந்தப் பட்டம் எனக்குப் பொருந்தாது, ஆகவே 'தங்கச்சி' என்றே எழுதுகிறேன்.

அலுமாரிக்குப் பத்தடி முன்னால் அவர் நின்றார். நடுவில் இருந்த வெளிச்சத்தைப் பார்த்தார். முகம் அப்படியே சுருங்கிப் போயிற்று. உடனே திரும்பி, அலுமாரிக்கு முதுகு காட்டி நின்றுகொண்டு, பொறுப்பாளரிடம் மெதுவாக, "நீங்கள் தயவுசெய்து வெளியில போங்கோ" என்றார்.

பொறுப்பாளருக்கு ஒன்றும் புரியவில்லை. ஏதோ பிழை செய்துவிட்டோம் என்பது மட்டும் புரிந்து வெளியே போனார்.

"தங்கச்சி, உம்மட்ட ஏதும் துணி இருக்கோ?"

தரைக்கு மெழுகு போடும்போது தளபாடங்களை மூடும் வெள்ளைத் துணி என்னிடம் இருந்தது. அதை எடுத்துப்போய் அலுமாரியைத் தலையிலிருந்து கால்வரை மூடினேன். அதன் பிறகுதான் அவர் திரும்பினார்.

"இதைக் கனகாலமாத் துடைக்கிறீரோ?"

"மூண்டு வருசம்."

"அப்ப நடுவில இருக்கிறதைப் பாத்தனீர்."

"ஓம் அக்கா, பாத்தனான்."

அவர் துணியின் ஓரத்தை இழுத்துச் சரிசெய்தார். "நீர் பொம்பிளை. அதால பரவாயில்லை எண்டு சொல்லமாட்டன், ஆனா ஆம்பிளையள் பாத்ததைப்போல இல்லை" என்றார். பிறகு, "உமக்கு ஒருத்தரும் சொல்லேல்லை. இப்ப நான் சொல்லிப்போட்டன்" என்றார்.

பள்ளிக்கூடப் பையன்கள் வரிசையாக நின்று அந்த அலுமாரியைப் பார்த்ததை எத்தனை தடவை கண்டிருப்பேன்! கண்ணாடி தெரியாதபடி துடைத்துக் கொடுத்தவள் நான்.

பொறுப்பாளரின் அறைக்குப் போனோம். பெண் ஒருத்தி கூட இருக்க வேண்டும் என்று அக்கா என்னையும் வரச் சொன்னார். வாளியை வாசலில் வைத்துவிட்டுப் போனேன். விருந்தாளியை மகிழ்விக்க நினைத்து அந்த நல்ல மனிதர் மேசையில் ஒரு பெரிய தாளை விரித்தார். வரப்போகும் கண்காட்சியின் விளம்பரம், அச்சுக்குப் போகுமுன் எடுத்த மாதிரிப் பிரதி. தாளை நிறைத்துக்கொண்டு அதே பொருளின் படம் பளபளவென்று இருந்தது. "புதன்கிழமை காலை அச்சுக்குப் போகிறது. நகரத்து எல்லா ரயில் நிலையங்களிலும் ஒட்டுவோம். உங்கள் மக்களின் கலைக்கு நாங்கள் செய்யும் மரியாதை இது" என்றார்.

அக்கா தன் கையிலிருந்த தடித்த கோப்பைத் தூக்கி அந்தப் படத்தின் மேல் வைத்து மூடினார்.

"இதைத்தான் நிப்பாட்ட வந்தனான்" என்றார்.

பொறுப்பாளரின் முகம் வெளிறிப்போயிற்று. பாவம், அவர் கெட்ட மனதோடு எதையும் செய்யவில்லை. ஆனால் விளம்பரத்தையும் காட்சிப் பொருளையும் அவர் தன்பாட்டில் எடுத்துவிட முடியாது. அதற்கு ஒரு குழு இருந்தது. குழு மறுநாள், செவ்வாய்க்கிழமை பின்னேரம் கூடுகிறது. குழுவுக்கு முன் வைக்க ஒரு விண்ணப்பம் வேண்டும். ஜேர்மனியில் சில வருடம் இருந்தவர்களுக்கு, விண்ணப்பத்துக்கு இங்கே சொல்லும் 'அன்ட்ராக்' என்ற சொல்லைக் கேட்டாலே ஓடத் தோன்றும். பொறுப்பாளர் இழுப்பறையிலிருந்து எடுத்துத் தந்த படிவத்தில் எல்லாவற்றையும்விடப் பெரிய கட்டத்துக்கு 'காரணம்' என்று தலைப்புப் போட்டிருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில்: பொருளின் தன்மை, பயன்பாடு, முக்கியத்துவம் ஆகியவற்றை விபரமாக எழுதவும்.

"இது என்ன, ஏன் இரகசியம் என்பதை எழுதிவிட்டால் குழு நிச்சயம் கேட்கும்" என்றார் பொறுப்பாளர். "எழுத விருப்பமில்லை என்றால் எனக்கு மட்டும் சொல்லுங்கள். என் சொந்தச் சொற்களில் எழுதிவிடுகிறேன்."

"உங்களுக்குச் சொல்ல ஏலாது."

"அப்படியானால் ஒரு பெண் அதிகாரியிடம்?"

"அவ அதை எழுதுவா. எழுதினதை நாலு ஆம்பிளையள் வாசிப்பினம்."

பொறுப்பாளர் இரண்டு கைகளையும் விரித்தார். காரணம் இல்லாமல் குழு எதையும் எடுத்துப் பேசாது. படிவம் வெறுமையாகப் போனால் புதன்கிழமை அச்சு ஓடும். நேரம் பதினொன்று. அடுத்த நாள் மதியம்வரைதான் தவணை.

அக்கா படிவத்தை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார். நடைக்கூடத்தில் நின்று சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். காலில் கோடைகாலத்துச் சப்பாத்து. குளிரில் ஒரு காலை மற்றக் காலில் தேய்த்துக்கொண்டிருந்தார். அதைப் பார்க்கப் பொறுக்காமல், துப்புரவுப் பொருட்கள் வைக்கும் என் சின்ன அறைக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வெப்பக்குழாயில் காய வைத்திருந்த என் கம்பளிக் காலுறைகளைக் கொடுத்தேன். பிளாஸ்கிலிருந்து இஞ்சி போட்ட பிளேன்ரீ ஊற்றிக் கொடுத்தேன். கவிழ்த்து வைத்த வாளியில் அவர் இருந்தார், சலவைத்தூள் மூட்டையில் நான். இரண்டு முடறு குடித்த பிறகு கதைக்கத் தொடங்கினார்.

ஊரில் அவர் ஒரு மருத்துவ நிலையத்தில் வேலை பார்க்கிறார். ஆட்களை வண்டியில் ஏற்றி வந்து டொக்டரிடம் காட்டிவிட்டு வீட்டில் கொண்டுபோய் விடுவது வேலை. சட்டம் படித்தவர் அல்ல. ஆனால் சில வருடங்களாக அவருக்குச் சட்டமே கதியாகிவிட்டது. அவர் ஊருக்கு வெளியே பெண்களுக்கு மட்டுமான ஓர் இடம் இருந்ததாம். அதன் வழியாகத் தெரு போட வந்தார்கள். அப்படிப்பட்ட இடங்களைக் காப்பாற்ற அரசாங்கத்தில் சட்டம் இருக்கிறது. மனுப் போட்டால் அமைச்சர் தடுக்கலாம். ஆனால் மனுவில் அந்த இடத்தின் முக்கியத்துவத்தை விளக்க வேண்டும்.

"விளக்கினால் அது போச்சு. எல்லாருக்கும் தெரிஞ்ச பிறகு அது என்ன பொம்பிளையளின்ர இடம்? விளக்காட்டியும் போச்சு. நாங்கள் விளக்கேல்லை. 'விபரம் தரப்படவில்லை' எண்டு ஒரு கடிதம் வந்தது. அடுத்த மாசம் இயந்திரங்கள் வந்திட்டுது. இப்ப அதுக்கு மேலால தெரு போகுது. நான் அதில வண்டி ஓட்டிறேல்லை. சுத்திப் போவன், அரை மணித்தியாலம் கூட எடுக்கும்."

சொன்னால் வெட்கம், அழுதால் துக்கம் என்று எங்களிடம் ஒரு சொல் உண்டு. அதை அவருக்கு ஆங்கிலத்தில் சொல்லிப் பார்த்தேன். தலையாட்டினார்.

சட்டத்தைத் திருத்த வேண்டும் என்று அவர்கள் பக்கத்தில் பல பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அரசாங்கமும் ஆட்களின் கருத்தைக் கேட்க ஒரு விசாரணை வைத்திருந்தது. அக்கா நாடு திரும்பியதும் அதில் பேச வேண்டும். கோப்பைத் திறந்து காட்டினார். பேச்சைப் பத்துத் தடவை எழுதி, பத்துத் தடவையும் ஒரே இடத்தில் வெட்டியிருந்தார். "இந்தச் சட்டம் பிழை எண்டு சொல்லத் தெரியுது. அப்ப எப்பிடிக் கேட்டாச் சரி எண்டு அவை கேட்பினம். அந்த இடத்தில எனக்கு வசனம் வருகுதில்லை."

அப்போதுதான் என் கதையைச் சொன்னேன். அவருக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் தொடங்கினேன், வேறு நோக்கம் இருக்கவில்லை.

நான் இந்த நாட்டுக்கு வந்தபோது இவர் ஒரு வருடம் முந்தி வந்து ஹம்மில் இருந்தார். நாலு வயது மகளோடு நான் வந்து இறங்கி அகதி விசாரணைக்குப் போனேன். என் கெட்ட காலம், அன்றைக்கு மொழிபெயர்க்க வந்தவர் ஒரு ஜேர்மன்காரர். பல்கலைக்கழகத்தில் தமிழ் படித்தவர். ஆயிரம் வருடத்துக்கு முந்திய தமிழ் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. என் தமிழ்தான் அவருக்கு எட்டவில்லை.

"தங்கள் கணவரின் பெயர் யாது?" என்று கேட்டார்.

எனக்கு வாய் வரவில்லை. படித்தவள்தான், வாத்திச்சிதான். ஆனாலும் புருஷன் பெயரை வாயால் சொன்னால் அவர் ஆயுள் குறையும் என்று பிறந்ததிலிருந்து காதில் விழுந்திருக்கிறது. நம்புகிறாயா என்று கேட்டால் சிரித்திருப்பேன். ஆனால் ஷெல்லுக்கும் துவக்குக்கும் தப்பி வந்த மனிதரின் ஆயுளை ஒரு மேசைக்கு முன்னால் வைத்துச் சோதித்துப் பார்க்க நான் தயாரில்லை. எங்கள் பெண்கள் செய்வதுபோலக் குறிப்புச் சொன்னேன்.

"அது ஒரு கடவுள்ட பேர்."

அவர் குழம்பினார். காகிதத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "தங்கள் கணவர் கடவுளோ?" என்றார்.

பெயரைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்து, "ஓம், ஓம்" என்று உற்சாகமாகத் தலையாட்டினேன்.

அதிகாரி அதை அப்படியே பதிந்தார். 'மனுதாரர் கணவரின் பெயரைக் கூற மறுக்கிறார். தன் கணவர் ஒரு கடவுள் என்கிறார்.' கலியாணப் பத்திரம் வீட்டோடு எரிந்துபோயிருந்தது. இப்படி ஒரு திருமணம் நடந்ததை நம்ப முடியாது என்று முடிவு வந்தது. நானும் மகளும் பீலெஃபெல்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு அகதி இல்லத்தில். இவர் ஹம்மில். பதினொரு மாதம். மகள் தகப்பனோடு தொலைபேசிக் கூண்டில் நின்றுதான் பேசினாள். எத்தனையோ பேரை மன்னித்துவிட்டேன், அந்தப் பதினொரு மாதத்தை மட்டும் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

இதை நான் சொல்லும்போது அக்கா முதலில் கண்ணீர் வரச் சிரித்தார். "என்ர மனுசனைப் பற்றிக் கேட்டிருந்தால் பிசாசு எண்டு எழுதியிருப்பினம்!" என்றார். பதினொரு மாதம் என்றதும் சிரிப்பை நிறுத்தினார்.

"பிறகு எப்பிடி வெளியில வந்தனீர்?"

"அந்த இல்லத்தில வேலை செய்த ஒரு அம்மா. ஒரு நாள் பேனையையும் தாளையும் எனக்கு முன்னால தள்ளி வைச்சா. 'வாயால சொல்லாட்டி எழுதுவீங்களோ?' எண்டு கேட்டா. எழுதலாம். எழுதினால் ஒண்டுமில்லை. இரண்டு மொழியில எழுதிக் குடுத்தன்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான். இல்லாட்டி இஞ்ச இருந்த என்ர தம்பியைக் கேட்டிருக்கலாம், அவன் பத்துத் தரம் சொல்லுவான். எனக்குத்தான் தடை, அவனுக்கு இல்லை. 'பேர் என்ன' எண்டு கேட்டவை, 'இந்தப் பேரை நாங்கள் ஆரிட்டக் கேக்கலாம்' எண்டு ஒரு தரம் கேட்டிருந்தால் என்ர பிள்ளை தகப்பனோட இருந்திருப்பாள்."

அக்கா தேநீர்க் கோப்பையைக் கீழே வைத்தார். "திருப்பிச் சொல்லும்" என்றார்.

"எதை?"

"கடைசியாச் சொன்னதை. 'என்ன' எண்டு கேக்காமல் 'ஆரிட்ட' எண்டு கேக்கிறது."

நான் திருப்பிச் சொன்னேன். அவர் கோப்பைத் திறந்து, பத்துத் தடவை வெட்டிய இடத்தின் கீழ் வேகமாக எழுதினார். பிறகு அருங்காட்சியகத்தின் படிவத்தை எடுத்து முழங்காலில் வைத்தார். "முதல் இதை முடிப்பம். நீர் ஜேர்மனில எழுதும்" என்றார்.

என் ஜேர்மன் மொழியைப் பற்றிச் சொல்லவேண்டும். அதில் ஒவ்வொரு பொருளுக்கும் ஆணா பெண்ணா இரண்டுமில்லையா என்று தெரிந்திருக்க வேண்டும். மேசை ஆணாம், விளக்கு பெண்ணாம். எனக்கு இன்றைக்கும் அது குருடன் கல்லெறிந்ததுபோலத்தான். ஆனாலும் எழுதினேன். அவர் சொல்லச் சொல்ல, சலவைத்தூள் மூட்டையில் இருந்தபடி, அந்தக் கட்டத்துக்குள் எழுதியது ஏறக்குறைய இதுதான்:

'இந்தப் பொருள் என்ன என்று நான் சொல்ல மாட்டேன். சொல்லக் கூடாது என்பதே அதைப் பற்றி நீங்கள் அறியக்கூடிய முதல் விபரம். அதைப் பற்றிப் பேசும் உரிமை யாருக்கு என்பதைச் சொல்கிறேன். என் தாய்வழியில் ஐந்து பெண்களுக்கு. அவர்களின் கையெழுத்தை இணைத்திருக்கிறேன். ஆண்கள் இதைப் பார்க்கக் கூடாது. இதைப் படம் பிடிக்கக் கூடாது. சந்தேகம் இருந்தால் அந்த ஐந்து பேரிடமும் கேளுங்கள். அது என்ன என்று கேட்காதீர்கள். அதை என்ன செய்ய வேண்டும் என்று கேளுங்கள்.'

கையெழுத்துகள் கோப்பில் முன்பே இருந்தன. அவருக்குப் பயணச்சீட்டு எடுத்துக் கொடுத்தவர்களும் அந்தப் பெண்கள்தான்.

பொறுப்பாளர் அதை வாசித்தார். வாசித்து முடித்தபின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு சிவப்புப் பேனையை எடுத்து என்னைப் பக்கத்தில் இருத்தி, என் ஆண்பால் பெண்பால்களை ஒவ்வொன்றாகத் திருத்தினார். எழுவாய், பயனிலை, ஒன்றையும் விடவில்லை. நான் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்ததை எனக்கு ஒருவர் செய்தார். ஆனால் பொருளில் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை. 'சொல்ல மாட்டேன்' என்பதற்குக் கீழே மட்டும் ஒரு கோடு இழுத்து, "இது அப்படியே இருக்கட்டும்" என்றார்.

செவ்வாய் பின்னேரம் குழு கூடியது. அக்காவும் நானும் வெளியே கிடந்த நீள மர வாங்கில் இருந்தோம். அன்றைக்கு எனக்கு வேலை நாளே இல்லை. இவரிடம் மகளைப் பள்ளியிலிருந்து கூட்டிவரச் சொல்லிவிட்டு வந்திருந்தேன். அக்கா என் காலுறைகளைப் போட்டுக்கொண்டு, கைகளைத் தொடைகளுக்கு நடுவில் வைத்து நெரித்துக்கொண்டிருந்தார். "இல்லை எண்டு சொன்னால் இந்தப் படம் எல்லா ஸ்டேசனிலயும் நிக்கும். அந்த அஞ்சு பேருக்கும் நான் எப்பிடி முகத்தைக் காட்டுவன்?" என்றார். அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். பனிக்கட்டிபோல இருந்தது.

உள்ளே நடந்ததைப் பொறுப்பாளர் பிறகு சொன்னார். குழுவில் ஒரு வயதான பேராசிரியர், "எல்லாம் சரி, ஆனால் அது உண்மையில் என்ன?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாராம். பொறுப்பாளர் எழுந்து, "இதைப் பற்றி நான் இருபது பக்கம் எழுதியிருக்கிறேன். நேற்றிலிருந்து எனக்குத் தெரிகிறது, எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த இருபது பக்கத்தையும் நான் திரும்பப் பெறுகிறேன்" என்றாராம். ஒரு ஜேர்மன் அறிஞர் தனக்கு ஒன்றும் தெரியாது என்று கூட்டத்தில் எழுந்து சொல்வது லேசான காரியம் இல்லை. அதற்காகவே அந்த மனிதரைக் கும்பிடலாம்.

ஐந்து மணிக்குக் கதவு திறந்தது. விளம்பரம் நிறுத்தப்பட்டது. காட்சியிலிருந்து பொருளை எடுப்பதற்கும் சம்மதம்.

அக்கா எழும்பவில்லை. வாங்கிலேயே இருந்து அழுதார். நானும் அழுதேன். பொறுப்பாளர் எங்கே பார்ப்பதென்று தெரியாமல் தீயணைப்புக் கருவியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஆனால் அக்கா இரண்டாவதாக ஒன்றும் கேட்டிருந்தார்: அதைத் திருப்பித் தாருங்கள் என்று. அதற்கு வந்த பதில் 'முடியாது' என்பதுதான். அருங்காட்சியகச் சொத்தை யாருக்கும் கொடுத்துவிட இங்கே சட்டத்தில் இடமில்லை என்றார்கள். கொடுக்கச் சொல்லிக் கட்டாயப்படுத்தும் சட்டமும் இல்லை. அவர்களுடைய நாட்டுச் சட்டமோ அவர்களின் கடற்கரையோடு முடிந்துவிடுகிறது. நடுவில் இருந்த கடலுக்கு ஒருவரும் சட்டம் எழுதவில்லை.

புதன்கிழமை காலை, அச்சு இயந்திரம் வேறொரு படத்தை, ஒரு மீன்கூடையின் படத்தை அடித்துக்கொண்டிருந்த நேரத்தில், நாங்கள் இருவரும் மேல்மாடியில் இருந்தோம். ஆண்கள் எல்லோரும் கீழே. அக்கா துணியை நீக்கி, பொருளைத் தானே எடுத்தார். "தங்கச்சி, அங்கால திரும்பும்" என்றார். நான் சுவரைப் பார்த்தபடி நின்றேன். பின்னால் அவர் ஏதோ மெல்லச் சொல்வது கேட்டது. பாட்டா, பேச்சா, மன்னிப்பா, எனக்குத் தெரியாது. பெட்டியை மூடும் சத்தம் கேட்ட பிறகு கூப்பிட்டார். ஒரு பக்கம் அவர், ஒரு பக்கம் நான், படி படியாக இறங்கி நிலவறைக்குக் கொண்டுபோனோம். ஒருத்தியே தூக்கக்கூடிய பாரம்தான். ஆனாலும் இரண்டு பேரும் தூக்கினோம். பெட்டியில் ஒட்டுவதற்கு ஜேர்மன் மொழியில் என்னை எழுதச் சொன்னார்: ஆண்கள் திறக்கக் கூடாது, பெண்கள் கேட்காமல் திறக்கக் கூடாது. அதில் ஒரு பிழைகூட இருக்கவில்லை.

ரயில் நிலையத்தில் விடைபெறும்போது காலுறைகளைக் கழற்றப் போனார். வேண்டாம் என்றேன்.

அடுத்த வருடம் ஒரு அஞ்சலட்டை வந்தது. விசாரணையில் பேசியதாக எழுதியிருந்தார். 'உம்முடைய கடவுளைப் பற்றிச் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள். பிறகு எழுதிக்கொண்டார்கள். சட்டம் இன்னும் மாறவில்லை. ஆனால் அந்த வசனம் இப்போது அவர்களுடைய தாளில் இருக்கிறது. மாறும்வரை நான் சுற்று வழியால்தான் வண்டி ஓட்டுவேன்.' அஞ்சலட்டையைக் குசினி அலுமாரிக் கதவில் ஒட்டி வைத்தேன். கன நாளாக, பின்னேரம் வேலை முடிந்து வந்து அரிசி கழுவும்போது, அவர் இப்போது எந்தத் தெருவால் போகிறாரோ என்று நினைத்துக்கொள்வேன்.

இன்னும் நாலு வருடம் அந்த அருங்காட்சியகத்தில் துடைத்தேன். நிலவறையில் அந்தப் பெட்டி இருந்த தட்டை வேறு ஒருவரையும் துடைக்க விட்டதில்லை. ஊரில் எங்கள் வீட்டுச் சாமி அறையைக்கூட அவ்வளவு கவனமாகத் துடைத்தேனா என்பது சந்தேகம். என்னிடமிருந்து வேலையைப் பொறுப்பெடுத்த பெண்ணுக்கு முதல் நாளே பெட்டியில் ஒட்டியிருந்த எழுத்தைக் காட்டிச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். சொன்ன பிறகு அவளுக்கும் தெரியும். அந்த மூன்று வருடம் நான் பார்த்ததை மறந்துவிட எத்தனையோ முயன்றேன். ஏலவில்லை. சொல்லாமல் இருக்க மட்டும் முடிகிறது.

இவருக்கு அது பொறுக்காது. இத்தனை வருடம் போயும், அஞ்சலட்டை கண்ணில் படும்போதெல்லாம், சாப்பாட்டுத் தட்டோடு வந்து குசினி வாசலில் நின்றுகொண்டு கேட்பார். போன மாதமும் கேட்டார்.

"என்னப்பா, எனக்கு மட்டும் சொல்லும். நான் ஆருக்கும் சொல்லமாட்டன். அப்பிடி என்னதான் இருந்தது அந்தப் பெட்டிக்குள்ள?"

"இஞ்சருங்கோ," என்றேன், "உங்கட பேர்தான்."

தட்டைக் கொண்டுபோய் மேசையில் வைத்துச் சாப்பிடத் தொடங்கினார். அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை.